மத்தியாஸ் உபதேசியாரின் ஜெப நோட்டு

நீங்கள் இன்னொருவரைப் பற்றி எழுதியதிலேயே ஆகக் கேவலமான வரி எது? அதை அவர் வீட்டு வாசலில் நின்று அவருக்கே படித்துக் காட்டுவீர்களா?

மாட்டீர்கள். நானும் மாட்டேன். அப்படிப் படித்துக் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உபதேசியாராக இருக்கும் மத்தியாஸ். கடவுள் உண்டு என்று அவர் எனக்குச் சொன்ன காரணம் ஒன்றுகூட என்னை அசைத்ததில்லை. ஆனாலும் ஒரு கிறிஸ்தவத் தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் பேராயர்களைக் காட்டுவதில்லை, இவரைக் காட்டுகிறேன்.

அவர் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். தகப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இருபத்திரண்டு வயதில் அதே தோட்டத்துக்கு உபதேசியாராக வந்தார். குருவானவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஆராதனை நடத்துவது, செத்தவரை அடக்கம் செய்வது, இங்கிலீஷ் கடுதாசி படித்துச் சொல்வது எல்லாம் மத்தியாஸ்தான். தோட்டத்தில் நூற்றறுபது குடும்பம்; அதில் பதினெட்டுதான் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த லயத்தில் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாள் போய், வாசலில் நின்று ஜெபம் செய்துவிட்டு வருவார். மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டிலும் யாரும் தடுத்ததில்லை. எந்தச் சாமியானால் என்ன, பிள்ளை நன்றாக இருந்தால் சரி என்று பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்து அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் ஒரு நோட்டில் எழுதுவார்: தேதி, லய நம்பர், தாயின் பேர், ஆணா பெண்ணா. அதற்குக் கீழே அந்த வீட்டைப் பற்றித் தன் கருத்தாக ஒரு வரி.

அந்த ஒரு வரியில்தான் கோளாறு. வேதத்துக்கு வரக்கூடிய வீடு எது, வராத வீடு எது என்று குருவானவருக்குச் சொல்வதற்காக எழுதத் தொடங்கியது அது. இளம் வயதுத் திமிர் அதில் ஏறிக்கொண்டது. ‘குடிகார வீடு.’ ‘இருளில் கிடக்கிறார்கள்.’ ‘கல்லைக் கும்பிட்டுக் கல்லானவர்கள்.’ நோட்டு பெட்டிக்குள் போனது. வருஷங்கள் ஓடின, மத்தியாஸ் மாறினார், அந்த வரிகள் அப்படியே கிடந்தன.

அப்புறம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களைப் பார்த்து, நீ இங்கே இருந்தாய் என்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்ட சட்டம். தேயிலையைக் கப்பலேற்றும்போது அது யார் கை பறித்த கொழுந்து என்று எவரும் காகிதம் கேட்டதில்லை.

1956இல், எட்டாம் நம்பர் லயத்து நல்லமுத்து ஒரு நீளக் கடுதாசியோடு மத்தியாஸிடம் வந்தார்.

“என்னாங்கய்யா எழுதியிருக்காங்க?”

“பிரஜாவுரிமை இல்லைன்னுறாங்க. நாப்பத்தொண்ணுலேருந்து நாப்பத்து மூணு வரைக்கும் பேச்சியம்மா இலங்கையில இருந்ததுக்குச் சாட்சி இல்லையாம். மூணு மாசத்துக்குள்ள காட்டணும்.”

“எம் பொஞ்சாதி பின்ன எங்க இருந்தா, நெலாவுலயா? செக்ரோல்ல பேரு இருக்குமேங்க.”

செக்ரோல் என்ற ஆட்பேர்ப் பதிவு இல்லை. அந்த வருஷங்களின் பேரேட்டைக் கறையான் தின்றுவிட்டதாகத் தோட்டத்து ஆபீஸ் எழுதிக் கொடுத்திருந்தது. மனைவி விழுந்தால் கணவனும் விழுவான். மூன்று பிள்ளைகளும் நாடில்லாதவர்கள் ஆவார்கள்.

மத்தியாஸுக்கு நோட்டு நினைவு வந்தது. பெட்டியைத் திறந்து தேடினார். இருந்தது. ‘1942 ஆகஸ்ட் 11. எட்டாம் நம்பர் லயம். பேச்சியம்மா. பெண்.’ பேர் வைப்பதற்கு முன்பே செத்துப்போனதால் யாரும் பதியாத பிள்ளை. அதன் கீழே, ஒரு வாரம் கழித்துச் சேர்த்தது, அவருடைய கையெழுத்திலேயே: ‘பத்தாம் நாள் இறந்தது. பேய்க்குப் படைத்தார்கள், பலனைப் பெற்றார்கள்.’

சபைச் செயலாளர் டக்ளஸ், தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவரிடம் நோட்டைக் காட்டினார். டக்ளஸ் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“வேற நோட்டுல தேதிய மட்டும் பாத்து எழுதிருங்கய்யா. யாருக்குத் தெரியப்போகுது?”

“சத்தியம் பண்ணிட்டுப் பொய் நோட்டக் காட்டச் சொல்றீங்களா?”

“அப்ப அந்த வரி மேல மைய ஊத்திருங்க.”

“மை ஊத்துன சாட்சிய எவன் நம்புவான்?”

டக்ளஸ் குரலைத் தாழ்த்தினார். “இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். அவங்க ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டாங்கன்னா சபையே கடுதாசி குடுக்கட்டும். விஷயம் பரவுச்சுன்னா பதினெட்டுக் குடும்பம் நூறாயிரும்.”

“பசிச்சவனுக்குச் சோத்தக் காட்டிக் கைநாட்டு வாங்குறது ஆள் பிடிச்ச பழைய கங்காணி வேலை, டக்ளஸ்.”

“இத வெளிய காட்டுனா நாளைக்கு எந்த லயத்துல உங்கள ஏத்துவாங்க? பதினெட்டு வருஷம் நடந்ததெல்லாம் வீணாப் போயிரும்.”

டக்ளஸ் சொன்னது பொய்யில்லை. மத்தியாஸுக்கு அந்த மலையில் வேறு சொத்து கிடையாது. வாசலில் நின்றால் ‘வாங்க’ என்பார்களே, அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் அவர் ஊழியமே நடந்தது.

மறுநாள் அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் எட்டாம் நம்பர் லயத்துக்குப் போனார். பேச்சியம்மா வாசலில் கொழுந்துக் கறையைக் கழுவிக்கொண்டிருந்தார். மத்தியாஸ் உட்காரவில்லை. இரண்டு வரிகளையும் நிறுத்திப் படித்தார்.

நல்லமுத்து எழுந்து நின்றார். பேச்சியம்மா கையை உதறினார்.

“இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தார்.

“பேய்க்குப் படைச்சமாம்ல. சண்டைக் காலம். கூப்பன் அரிசியும் இல்ல. எனக்கே கஞ்சி இல்லாம மாரு வத்திக் கெடந்தேன். பேய்க்கு எதை வச்சுப் படைக்கிறது?” ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். “வாசல்ல நின்னு செபம் பண்ணுனப்ப இதாங்களா மனசுல இருந்துச்சு?”

“பண்ணுறப்ப இல்ல. எழுதுறப்ப இருந்துச்சு. எழுதினது தப்பு, ஆத்தா.”

“எழுதுறப்ப நாங்க பக்கத்துல இல்ல. அதான் தைரியம்.”

மத்தியாஸ் நோட்டை மூடினார்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் புள்ள பொறந்துச்சுன்னு எழுதி வச்ச ஒரே ஆளு நீங்கதான். ஹட்டன் விசாரணைக்கு வாங்க. மொத பஸ்சுக்கே வந்துருங்க, பாட்டுப் படிச்சிட்டு நேரங்கழிச்சு வராதீங்க.”

ஹட்டனில் விசாரணை அதிகாரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பேச்சியம்மாவின் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் வரியில் தயங்கி, மத்தியாஸைப் பார்த்தார்.

“படிங்க, நான் எழுதினதுதான்,” என்றார் மத்தியாஸ்.

அறை நிறைய ஆட்கள். பாதிப் பேர் அவர் ஜெபம் செய்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் கேட்டார்கள். அதிகாரி, இது இவர்களுக்கு வேண்டியவர் எழுதியது போலத் தெரியவில்லையே என்றார்.

“அன்னைக்கு வேண்டியவனா இல்லீங்க.”

அந்தப் பதில்தான் காரியத்தை முடித்தது. உதவி செய்வதற்காகப் புனைகிறவன் இப்படி ஒரு வரியை எழுதமாட்டான் என்று அதிகாரிக்குப் புரிந்தது. மறைத்திருந்தால் நோட்டு செத்திருக்கும். ஒன்பது மாதம் கழித்து நல்லமுத்துவின் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது.

டக்ளஸ் பயந்ததில் பாதி நடந்தது. ஹட்டனில் கேட்டவர்கள், எங்க வீட்டைப் பத்தி என்னா எழுதியிருக்கு என்று வந்தார்கள். மத்தியாஸ் ஒவ்வொரு வீடாகப் போய்ப் படித்தார். வீரய்யா கதவைச் சாத்தினார். அவருடைய விசாரணைக்கும் மத்தியாஸ் போய்ச் சாட்சி சொன்னார். இருபத்து மூன்று குடும்பத்துக்கு நோட்டு சாட்சியாகப் போனது. பதினொரு குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மற்றவர்களுக்கு மறுத்த சட்டத்தை எந்த நோட்டாலும் நியாயப்படுத்த முடியாது.

பேச்சியம்மா இன்றுவரை வேதத்துக்கு வரவில்லை. ஆனால் போன வருஷம் அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, மூன்றாம் நாள் அவரே ஆள் அனுப்பினார்: “உபதேசியார உள்ள வந்து ஒக்காந்து செபம் பண்ணச் சொல்லு. எழுதுறதையும் இங்கேயே ஒக்காந்து எழுதட்டும்.” இப்போது அவர் எல்லா வீட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார். எழுதியதைத் தாய்க்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டை மூடுகிறார். கருத்து வரியை விட்டுவிட்டார்.

இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று நம் ஜனங்களைப் பங்கு போட்டிருக்கிற நேரம் இது. மறுபடியும் காகிதம் கேட்பார்கள். உங்கள் சபையின் அலமாரியிலும் பள்ளிக்கூடத்துப் பெட்டியிலும் பழைய நோட்டுகள் இருக்கின்றன. இந்த வாரமே திறந்து பாருங்கள். யார் பேர் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு நீங்களே கொண்டு போங்கள். எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வெட்கமான வரி இருந்தால், முதலில் அதைப் படியுங்கள்.