இடது பின்சக்கரத்து ஸ்பிலிட் பின்

எங்கள் தாத்தாமார் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த இந்தத் தீவில், பா என்ற ஊரில், காசிம் பாயின் கராஜில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். கேட்காத சத்தம் இல்லை. கியர்பாக்ஸ் அலறும், டிஃபரன்ஷியல் முனகும், பிரேக் கீச்சிடும். எதற்கும் நான் அசைந்தவன் இல்லை. ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் பயந்தேன். அதைக் கேட்டபோது இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. ஸ்பேனரைத் தொடக்கூட வழியில்லாமல் நின்றேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். என் கௌரவத்துக்கு இது அவ்வளவு நல்ல கதை இல்லை.

1. அவசரத்தில் முடித்த வேலை

பவுன் நோட்டு மாறி டாலர் நோட்டு வருவதற்கு முந்திய காலம். மில்லில் கரும்பு அரைக்கிற மாதங்களில்தான் எங்கள் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். காப்புக் கட்டியவன் பத்து நாள் கோயிலிலேயே இருக்க வேண்டும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. கோயிலைச் சுற்றி வேப்பிலை செருகிய கயிறு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் என் மனைவி பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். அதற்காக நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

காப்புக் கட்ட வேண்டிய அன்று மதியம் பாயின் டாக்சி கராஜுக்குள் வந்தது. ஓட்டுவது அவருடைய ஒரே மகன் யூசுப். இடது பின்சக்கரத்தில் பேரிங் போய்விட்டது.

பாய்க்கு டயரும் பேட்டரியும்தான் தெரியும். ஆக்சில் வேலைக்கு நான் ஒருவன்தான். "துரை, நீ கோயிலுக்குப் போயிட்டா பத்து நாளைக்கு எனக்கு ஆளில்ல. இந்த டாக்சிக் காடிய முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருடா" என்று தலைமேல் நின்றார்.

அந்த மாடலில் ஆக்சில் முனையில் ஒரு பெரிய நட் உண்டு. நட் கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஸ்பிலிட் பின் என்ற இரட்டைக்கால் கம்பியைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வீல் கேப், அதாவது சக்கரத்தின் நடுவை மூடுகிற தகரத் தொப்பி. பின் இல்லாவிட்டால் நட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கேப்புக்குள் விழும். பிறகு சக்கரம் ஒரு வழி, கார் ஒரு வழி.

பேரிங் போட்டேன், நட்டை முறுக்கினேன், கேப்பைத் தட்டி மாட்டினேன், குளித்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை அம்மனுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தால், சாமி வரவில்லை. ஸ்பிலிட் பின்தான் வந்தது. போட்டேனா? நட்டை முறுக்கியது ஞாபகம் இருந்தது. கேப்பைத் தட்டியது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

கை தானாகப் போட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பா ஊரிலிருந்து தினமும் எத்தனையோ பேர் கோயிலுக்கு வந்து போனார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. 'துரைசாமி பின் போட மறந்துட்டானாம்' என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். அந்தக் கார் தினமும் வட்டுகோலாத் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2. கயிற்றுக்கு இந்தப் பக்கம்

நாலாம் நாள் பத்து மணி இருக்கும். அடுத்த ஊரான தவுவாவுக்குப் போகிற ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அதே டாக்சி வந்து கோயில் முன்னால் நின்றது. யூசுப் ஓட்ட, பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிறு வரை வந்தார்.

"துரை, பின்னால சத்தம்டா. நீ மாட்டுன அதே சக்கரம்."

"நான் வெளிய வரக்கூடாதே, பாய்."

"வராத. யாரு வரச் சொன்னா? உன் காதுக்கா காப்புக் கட்டிருக்கு? அங்கேயே நின்னு கேளு."

பூசாரி சிரித்துவிட்டார். "கேக்கறதுல தப்பில்ல, கேளுப்பா" என்றார்.

யூசுப்புக்குத் தமிழ் பாதி, ஹிந்தி பாதி. "சாச்சா, மெதுவா போனா கடகடன்னு வருது. ஜல்தி போனா நின்னுடுது" என்றான்.

மூன்று நாளாக அந்த நட்டைத் தவிர வேறு நினைப்பில்லாத நான், கேப்பைக் கழற்றிப் பார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. கேப்புக்குள் என்ன இருக்கும் என்ற பயத்தில், பெரிய நிபுணன் போல ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னேன்.

"டயர மேல பிடிச்சு ஆட்டு, யூசுப்." ஆட்டினான். ஆட்டம் இல்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

"நடக்கிற வேகத்துல ஓட்டு." கடக்... கடக்... கடக். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கடக்.

"பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே வா." அதே சத்தம். அப்படியானால் பிரேக் இல்லை.

"நியூட்ரல்ல விடு." அதே சத்தம். டிஃபரன்ஷியலும் இல்லை.

பேரிங் சத்தம் வேகம் கூடக் கூட ஏறும். இதுவோ வேகத்தில் அடங்குகிறது. மெதுவாகச் சுற்றும்போது உருண்டு விழுகிற ஏதோ ஒன்று, வேகத்தில் ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கேப்புக்குள் ஏதோ கழன்று கிடக்கிறது. அது என் நட்டாக இருந்தால்?

கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. "நிறுத்து யூசுப்! ஒரு அடி நகத்தாத!" என்று கத்தினேன். "பாய், கேப்பக் கழட்டுங்க."

பாய் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். கேப் வந்தது. அதற்குள்ளிருந்து எதுவோ மண்ணில் விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

"பாய், நட்டு இருக்கா?"

"இருக்கு."

"அதுல பின் இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. "இருக்குடா. ரெண்டு காலும் மடக்கித்தான் இருக்கு. என்னமோ கறுப்புக் கயிறு அதுல சிக்கி அறுந்து தொங்குது."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மார்பில் வைத்த பாறாங்கல்லை யாரோ எடுத்தது போல இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பூசாரி அருள் வந்துவிட்டதென்று நினைத்துத் திருநீறு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பாய் கீழே விழுந்ததை எடுத்தார். செம்புத் தாயத்து, சுண்டுவிரல் நீளம். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். ஊர் முஸ்லிம் சங்கத்தில் தாயத்துக்கு எதிராக அவரைப் போலக் காரமாகப் பேச ஆள் கிடையாது. யூசுப்பின் ஸ்டியரிங்கில் கட்டியிருந்த ஒன்றை அவரே அறுத்து ஆற்றில் எறிந்திருக்கிறார்.

யூசுப் சிரிப்பை அடக்க முடியாமல், "அம்மா" என்றான்.

வேறு யார்? பாயின் மனைவி பாயம்மாவுக்கு, மகன் தினமும் சுரங்கத்து மலை ரோட்டில் போய் வருவது பயம். கணவர் தேடாத இடம் எது என்று யோசித்து, முந்தின நாள் தோசைத் திருப்பியால் கேப்பை நெம்பி, நல்ல உறுதியான இடமாகப் பார்த்து என் ஸ்பிலிட் பின்னிலேயே கட்டியிருக்கிறார். கராஜுக்குப் பின்னால் இத்தனை வருஷம் குடியிருந்தவருக்கு இது ஒரு வேலையா? பின்னின் காலில் உரசி உரசிக் கயிறு அறுந்துவிட்டது.

பாய் தாயத்தைத் துடைத்தார், கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், ஏறிப் போய்விட்டார்.

3. பத்து நாளுக்குப் பிறகு

தீ மிதித்துவிட்டு வேலைக்குப் போன அன்றே பாயிடம் உண்மையைச் சொன்னேன். பின் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்ததையும், மூன்று நாள் சொல்லாமல் இருந்ததையும் மறைக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"கார்ல என் புள்ள இருந்தாண்டா" என்றார். பிறகு, "வீட்டுல அவ பயந்தா, எங்கிட்ட சொல்லல. நீ பயந்த, நீயும் சொல்லல. ஒரு வார்த்த வந்து சொல்ல முடியாத அளவுக்கா நான் பொல்லாதவன்?" என்று கேட்டார்.

நான் துடைப்பத்தை எடுத்தேன்.

அன்று அந்த டாக்சியைப் பெருக்கும்போது பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், இரும்புச் சட்டத்தில் அந்தத் தாயத்து இருந்தது. கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி, நுனி குத்தாதபடி மடித்துக் கட்டியிருந்தது. பாய் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "சத்தம் வரக்கூடாதுன்னு கட்டுனேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மெதுவாகப் போகும்போது வந்து வேகத்தில் அடங்குகிற சத்தமானால் முதலில் கேப்பைக் கழற்றுங்கள். இது தொழில். அதற்கு மேல் நான் கற்றது ஒன்று உண்டு. ஒரு வருஷம் கழித்து, தவுவாவுக்குப் புறப்பட்டுப் போன ஒரு பஸ்ஸின் சக்கரத்தில் எனக்கு அதே சந்தேகம் வந்தது. உடனே பாயிடம் சொன்னேன். காலியாகத் திரும்புகிற கரும்பு லாரியில் ஏறிப் போய், தவுவா மார்க்கெட்டில் அத்தனை ஜனத்துக்கும் முன்னால் பஸ்ஸை நிறுத்திச் சக்கரத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டிரைவர் திட்டினான், ஜனங்கள் சிரித்தார்கள். பாதி நாள் வேலை கெட்டுப் புழுதியோடு திரும்பி வந்தேன்.

பாய் சிரிக்கவில்லை. "பின் இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு, பாய்."

"நல்லதாப் போச்சு. போய்ச் சாப்பிடு."