நல்ல ஊசி

இன்னிக்குக் காலையில அரியலூர் ஸ்டேஷன் பக்கத்துக் காபி கிளப்புல ஒரே சண்டை. எனக்குப் பிடிச்ச பாடகரோட புது கிராமபோன் பிளேட் கரகரன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"போன மூணு பிளேட்டும் தேறல, இதுவும் தேறாது. குரலே போச்சுங்க"ன்னார் அரும்பாவூர் கடலை வியாபாரி.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. அந்தப் பாடகர் பாட்டுன்னா உசிர விடுறவன் நான்.

எழுந்துபோய்ப் பார்த்தா, கிராமபோன் பெட்டியில மாட்டியிருக்கிறது முனை மழுங்குன ஊசி!

கிளப்காரர், "யுத்தத்துல ஊசி எங்க கெடைக்குது? இருக்கிற ஒரு நல்ல ஊசிய அவரோட பழைய பாட்டுக்குன்னு வெச்சிருக்கேன். புதுசுக்கு இது போதும்"னார்.

"அப்புறம் குரல் போச்சுன்னு சொன்னா எப்படிங்க? நல்லதப் போடுங்க"ன்னு கத்தினேன். மனசில்லாமத்தான் மாத்தினார்.

கரகரப்பு போயிடுச்சு. அதே கணீர்க் குரல். வியாபாரியே தலையாட்ட ஆரம்பிச்சுட்டார்.

ஆனா ரெண்டாவது அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பாட்டு சுமார்தான். இத்தனை நேரம் அந்தக் கரகரப்புதான் பாட்டோட மானத்தைக் காப்பாத்தியிருக்கு.

கிளப்காரர் என்னையே பார்த்தார். "என்ன தம்பி, இன்னொரு தடவை போடட்டுமா?"

"வேணாங்க, ஊசி தேஞ்சுடும்"னேன்.