மரவள்ளியைத் தேடி வந்த பூச்சி

ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். கடல்வழி கண்டுபிடித்த பாடத்தை எப்போதும் ஓட்டமாகத்தான் நடத்துவேன். கப்பல் வந்தது, மிளகு போனது, மிளகாய் வந்தது, அடுத்த பாடத்தை எடுங்கள். எங்கள் மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்த வருடம்தான் அந்தப் பாடம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெண்ணந்தூருக்கு அந்தப்புறம் எங்களுக்கும் என் கொழுந்தனாருக்கும் அடுத்தடுத்த காடு. நடுவில் ஒரு வரப்புதான். அந்த வருடம் இரண்டு வீட்டுக்கும் மரவள்ளியைத் தவிர வேறு வெள்ளாமை கிடையாது. குருத்தெல்லாம் சுருண்டு முடிச்சாகி, மேலே மாவைத் தூவியதுபோல வெள்ளையாக நின்றன. கிழங்கு இறங்காவிட்டால் ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. கொழுந்தனார் இரண்டு தடவை மருந்தடித்தார். பூச்சி கொஞ்ச நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்ப வந்தது.

என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்ததால் காட்டு விவகாரம் என் தலையில். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சின்னக் குப்பியைத் திறந்து, எறும்பைவிடச் சிறிய குளவிகளை எங்கள் காட்டில் விட்டார். இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளரும், பூச்சி பழுப்பாகக் காய்ந்துபோகும் என்றார். இனி மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் மருந்து கலக்கும் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். மருந்தடிக்கும் மோட்டார் இரண்டு வீட்டுக்கும் பொது, எங்கள் வீட்டில்தான் இருக்கும். அவர் வருவதற்குள் அதன் ஓஸ் குழாயைக் கழற்றிச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

"ஏனுங்கண்ணி, ஓஸக் குடுங்க. கொசுவாட்டம் என்னத்தையோ உட்டுப்போட்டு, அது காட்டக் காப்பாத்துமுன்னு உக்காந்திருக்கறதா?"

"ரெண்டு தடவ அடிச்சீங்களே தம்பி, பூச்சி போச்சுங்களா?"

"போவல."

"போவாது. மரவள்ளிக்குச் சொந்த ஊரு கடலுக்கு அந்தப்பக்கம். இந்தப் பூச்சிக்கும் அதேதான் சொந்த ஊரு. அங்க இத அடக்கறதுக்குக் குளவி இருந்துச்சு. இங்க இது மட்டும் வந்துருச்சு. இப்பத்தான் பின்னாடியே குளவி வருது. முள்ள முள்ளாலதான் எடுக்கோணும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர் அவர். நானும் அப்படித்தான்.

"அப்ப அந்த ஊர்க்காரங்களையே கேக்கலாமில்லீங்க? மொதல்ல பயிர் வெச்சவங்க அவங்கதான?"

வகுப்பில் நான் ஒருபோதும் சொல்லாததை வாசலில் நின்று அவரிடம் சொன்னேன். கப்பலில் போன வெள்ளைக்காரர்கள் கிழங்கின் சொந்த ஊருக்கு அம்மையையும் கொண்டுபோனார்கள். அந்த நோயையே அறியாத சனம் ஊர் ஊராகச் செத்தது. மிஞ்சியவர்களில் எத்தனையோ பேர் அடிமையானார்கள். ஆட்கள் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து சனங்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். கிழங்கு அந்தப் பக்கமும் போய் அங்கே அன்றாடச் சோறானது. நமக்கு முன்பே அங்கேயும் இந்தப் பூச்சி விழுந்து சனம் பட்டினி கிடந்தது. அந்தப் பசிக்காகத்தான் கிழங்கின் சொந்த ஊருக்கே போய்த் தேடி இந்தக் குளவியைக் கண்டுபிடித்தார்கள்.

அவர் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே கேட்டார்.

"அந்தக் கப்பல்லதான அண்ணி நம்ம சாமியாருகளும் வந்தாங்க?"

இத்தனை வருடத்தில் எந்த மாணவனும் என்னிடம் கேட்காத கேள்வி. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வேதத்தில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. மழுப்ப மனம் வரவில்லை.

"ஆமாங்க தம்பி. கெழங்கும் வேதமும் ஒரே கடல்லதான் வந்துச்சு. ரெண்டையும் நான் உடறதா இல்ல. ஆனா வந்த வழிய மறைக்கவும் மாட்டேன்."

அவர் ஓஸைத் திரும்பக் கேட்கவில்லை. டிரம்மை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு தினமும் விடிந்ததும் இரண்டு காட்டிலும் அவரே குனிந்து குனிந்து நடந்தார். செல்போனை இலைக்கடியில் பிடித்துப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். எனக்குள் பயம் இருந்தது. குளவி கைவிட்டால் என் பேச்சால் இரண்டு குடும்பத்தின் வருடமும் போகும் என்பது தெரிந்தேதான் விறைப்பாக நின்றேன்.

ஒருநாள் வரப்பிலிருந்து "அண்ணீ!" என்று கத்தினார். ஓடினேன். இலையின் அடியில் மாவுப்பூச்சிகள் பழுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றிலும் குளவி வெளியேறிய ஓட்டை. அதன்பின் மழையும் கைகொடுத்தது. "பாதி மழையாலதானுங்க" என்றார் கொழுந்தனார். இருக்கட்டும், மீதிப் பாதி என்னுடையது. புதுக்குருத்து சுருளாமல் விரிந்தது.

கல்லறைத் திருநாள் பூசைக்கு வீட்டில் இறந்துபோனவர்களின் பேரைக் கோவிலில் கொடுப்பது எங்கள் வழக்கம். கொழுந்தனார் தன் அப்பா, அம்மா, பெரியப்பா என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் பேர்களை எழுதிக்கொண்டிருந்த உபதேசியார்.

"இன்னொண்ணு எழுதோணுங்க. பேரு தெரியாது. மரவள்ளிய மொதல்ல வெச்சவங்க."

உபதேசியார் என்னைப் பார்த்தார். "எழுதுங்க" என்றேன்.

பூசையில் சாமியார் எங்கள் ஊர்ப் பேர்களோடு சேர்த்து அதையும் அப்படியே வாசித்தார். கோவிலில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தனார் கைகூப்பி நிமிர்ந்து நின்றார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன்.