மாமரத்துக்குக் கட்டிய புடவைகள்

வீராம்பட்டினம் போகிற வழியில், கடல் காற்றுக்கு மறைப்பே இல்லாத ஒரு துண்டு நிலத்தில் எங்கள் வீடு. மாசி பிறந்ததை அங்கே காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். வேப்பஞ்சருகு பறந்து வந்து சோற்றுத் தட்டில் உட்காரும்.

தோட்டம் என் மனைவியுடையது. எனக்கு அதில் குறை சொல்லும் வேலை மட்டும். சுனாமிக்கு மறு வருடம் அவள் வைத்த ஒட்டு மாங்கன்று இரண்டு மாசியில் பூத்தது. இரண்டு தடவையும் பூங்கொத்துகளை அவளே கிள்ளிப் போட்டாள்.

"கொலைகாரி" என்றேன்.

"பிஞ்சு மரம், காய் தாங்காது. அடுத்த வருஷம் விட்டுடலாம்."

அடுத்த வருடம் மரம் இருந்தது. அவள் ஐப்பசி மழையோடு போய்விட்டாள்.

அந்த மாசியில் மரம் இலை தெரியாமல் பூத்தது. பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. கூரையில் நெருப்புப் பிடித்தவன் மாதிரி பஸ் பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினேன். மறைப்புக் கட்டக் கயிறு வாங்கினேன். கயிற்றில் எதைக் கட்டுவது என்ற கேள்வி, வீடு திரும்பி மரத்தடியில் நின்ற பிறகுதான் வந்தது.

எங்கள் பக்கம் கத்தரிக்கொல்லைக்கு வேலியாகப் பழம்புடவை கட்டுவது வழக்கம். பீரோவைத் திறந்தேன். "ஜவுளிக்கடையே வெச்சிருக்க" என்று காலமெல்லாம் அவளைக் கேலி செய்தவன் நான். மரத்தைச் சுற்றிக் குச்சி நட்டு ஒவ்வொன்றாகக் கட்டினேன். மூன்று பக்கம் மூடியதோடு புடவைகள் தீர்ந்துவிட்டன. மேற்குப் பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. பீரோவில் மிச்சமிருந்ததெல்லாம் என் சட்டைகள்.

அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னா தம்பி, மரத்துக்கு வளைகாப்பா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"ஆமாக்கா. சும்மா பாக்காத, வளையல் வாங்கியா."

"போ, பைத்தியம்" என்று சிரித்தாள். காற்றில் தூசி விழுந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாள் நான் பெரிய இஞ்சினியர் மாதிரி மரத்தைச் சுற்றி வந்தேன். ஒரு காலையில் அக்கா கத்தினாள்.

"யோவ் தம்பி! நீ கட்டுனது மறைப்பில்ல, கப்பல் பாயி! மரமே படகாட்டம் ஆடுது பாரு. அவுத்துடு!"

இரண்டு பேரும் சேர்ந்து அவிழ்த்தோம். காற்றில் உப்பி உப்பிப் புடவைகள் கிளைகளை அறைந்திருந்தன. காற்று விட்டு வைத்த பூவையும் அவையே தேய்த்து உதிர்த்திருந்தன. மடிப்பு மடிப்பாகப் பூந்தூள், பிசின்.

"போனாப் போவுது. அவ இருந்தாலும் கிள்ளித்தானே போட்டிருப்பா."

"இல்லக்கா. இந்த வருஷம் விட்டுடலாம்னு சொல்லியிருந்தா."

கையிலிருந்த புடவையில் ஒட்டிய பூந்தூளைத் தட்டிவிட்டேன்.

அக்கா மரத்தைச் சுற்றிப் போய் மேற்குப் பக்கம் நின்றாள். "இங்க வா" என்றாள். புடவை பத்தாமல் நான் விட்ட அந்தப் பக்கத்தில் பூங்கொத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. சிலவற்றில் கடுகு போலப் பிஞ்சு.

என் கை தானாகக் கயிற்றைத் தேடிற்று. அக்கா முந்திக்கொண்டாள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டு, புடவைகளை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இத நான் அலசித் தரேன். நீ ஒண்ணும் பண்ணாத. ஒண்ணுமே பண்ணாத, புரியுதா?"

மத்தியானம் காற்று ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம், நான் வாங்கிய கயிற்றில், என் மனைவியின் புடவைகள் ஈரத்தோடு அடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் நான் பிஞ்சுகளுக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.