சிவப்பு முக்கோணமும் அம்மாவின் போனும்

போன வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அடுத்த நொடி சத்தம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதன்பின் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவே வெளியே வந்து வானத்தைப் பார்க்கும். புகை எந்தப் பக்கம்? அதை வைத்துத்தான் எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று ஊகிப்போம்.

"நம்ம ஆளுக போற பக்கமாத்தான தெரியுது?" என்றார் எதிர்வீட்டுப் பேச்சியக்கா.

"வாயக் கழுவுங்கக்கா" என்றேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அங்கேதான் அம்மா வெடிக்கு மருந்து அடைக்கிறாள். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும்... பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. காலையிலேயே வாங்கி, கேட் அருகே ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். சத்தம் கேட்டு நாற்பது வீட்டிலிருந்து அழைத்தால், அந்தப் பெட்டிதான் பதறும்.

இதற்காகத்தானே அந்த ஆப்! இரண்டு மாதம் முன்பு இதே பத்தியில் பெருமையடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? சத்தம் கேட்டால் எல்லாரும் கேட்டுக்கு வெளியே ஓடிவந்து நிற்பார்கள். வாட்ச்மேன் அண்ணாச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டு, நோட்டில் டிக் போடுவார். அந்த டிக்கைத் தன் போனில் போட்டால், அடுத்த நொடி வீட்டில் இருக்கும் போனில் தெரியும் — 'வெளிய வந்துட்டாங்க.' அவ்வளவுதான் ஆப். செய்தவள் சாத்தூரில் கம்ப்யூட்டர் படித்த என் தோழி மாரிச்செல்வி. இங்கிலீஷ் மட்டும் நான்.

அந்த இங்கிலீஷில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனில் இருக்கும் ஆப் கடைக்கு அனுப்ப வேண்டிய விளக்கத்தை நானே எழுதினேன். வெடிமருந்து, வெடிவிபத்து, பட்டாசு ஆலை... ஒன்றுவிடாமல், ஒரு பிழை இல்லாமல்.

நிராகரித்துவிட்டார்கள். 'ஆபத்தான பொருட்கள் குறித்த விதியை மீறுகிறது' என்று ஒரே ஒரு வரி. எந்த வார்த்தை? எந்த விதி? சொல்லவில்லை. என் நல்ல இங்கிலீஷ்தான் கெடுத்ததோ என்று இன்றுவரை சந்தேகம்.

மூன்று நாள் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினேன். அம்மாவைப் பற்றி, அந்தப் பெட்டியைப் பற்றி, புகை பார்க்கும் தெருவைப் பற்றி — மூன்று பக்கம். அனுப்பிவிட்டு டீ போட்டேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. அதே ஒரு வரி.

மூன்று பக்கத்தை எந்த மனிதராலும் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது.

'கடைக்காரர் கெட்ட சரக்கை உள்ளே விடக் கூடாதுதானே?' என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் சாத்தூர் பஜாரில் ஒரு கடையில் இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். இந்த போனுக்கு எதிர்க்கடை எங்கே இருக்கிறது? போனை வாங்கியது நாங்கள். அதற்குள் எது இருக்கலாம் என்று தீர்மானிப்பது, எங்கள் ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாத ஒரு கம்பெனி. குண்டு வைத்து ஊரையே தகர்க்கும் விளையாட்டுகள் அதே கடையில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஆபத்தில்லையாம்!

சரி, கடையே வேண்டாம் என்று மாரிச்செல்வி ஆப்பை நேராக அம்மா போனுக்கு அனுப்பினாள். அவரவர் போனில் ஒருமுறை பேர் பதிந்தால்தான் அண்ணாச்சியின் பட்டியலில் வரும்; முதலில் அம்மா, பிறகு அவள் மூலம் மற்றவர்கள் என்று திட்டம். தொட்டதும் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. முக்கோணம் தெரியும். போனை மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

"அது சும்மாம்மா. அமுக்கு, ஒன்னும் ஆகாது."

"செவப்புல போட்டிருக்குல்ல? பதினெட்டு வருசமா செவப்பு போட்டதத் தொடாமத்தான் உசுரோட இருக்கேன். ஒனக்குப் படிப்பு இருக்கு... புத்தி இருக்கா?"

"அத்தை, நான் செஞ்சது அத்தை. ஆபத்தே இல்ல" என்றாள் மாரிச்செல்வி.

"அப்ப அவுக ஏன் வேணாங்காக? ஒன்னய விட அவுக படிச்சவுகதான?"

அம்மா தொடாததை, கம்பெனி வேனில் கூட வரும் யாரும் தொடவில்லை. வாட்ச்மேன் அண்ணாச்சியும் தொடவில்லை. எச்சரிக்கைக்குப் பணிந்தவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

வியாழக்கிழமை அம்மா ஐந்து மணிக்கு வேனிலிருந்து இறங்கினாள். வெடித்தது வேறு கம்பெனி. பேச்சியக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பெனி கேட்டிலும் ஒரு பெட்டி இருந்திருக்கும். அதற்குள் சில போன்கள் அப்போதும் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "அந்த ஆப்பு கடையில யாரையாச்சும் நேர்ல போய்ப் பாக்க முடியாதா?"

"ஆளே இல்லம்மா. மிஷின்தான் பதில் போடுது."

"எங்க போர்மேன் அம்புட்டு ஏச்சு ஏசுவாரு. ஆனா ஏசுறதுக்குன்னு ஒரு ஆளு அங்கன இருக்காருல்ல?" என்றாள்.

திங்கட்கிழமை வேன் போன பிறகுதான் கவனித்தேன். அம்மாவின் போன் அலமாரியில் இருந்தது. 'பெட்டியில கெடந்து என்ன செய்யப் போவுது' என்று பேச்சியக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். திரையில் பச்சை டிக்கோடு அதே ஆப் கடையிலிருந்து ஒரு செய்தி.

'உங்கள் போன் சரிபார்க்கப்பட்டது. ஆபத்து எதுவும் இல்லை.'