வாழைக்கு வந்த ஹோட்டல் தண்ணீர்

குடிதண்ணீர் ஏற்றிவரும் மற்றப் பவுசர் லொறி வந்தால் ஊரே குடத்தோடு ஓடிவரும். என் பவுசர் வந்தால் ஊரே மூக்கைப் பொத்தும். கிழக்கிலங்கைக் கடற்கரையான பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் கழிவுநீரை, அங்கேயே தொட்டிகளில் சுத்தம் செய்தபின், தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. மூக்கைச் சுளிக்க வைக்கும் தொழில் பார்க்கும் எவருக்கும் என் பாடு புரியும்.

மணம் பார்த்தவர்

வாவிப் பக்கத்து ஊரொன்றில் நான் முதலில் போய் நின்றது கட்டாடியாரின் வீட்டு வளவில். அம்மன் கோயில் பூசகர் அவர். அவர் ஓமென்றால் ஊரும் ஓமென்னும் என்பது என் கணக்கு. கோடைக்கு அவருடைய வாழைகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குனிந்து மணந்தார். மறுபடியும் மணந்தார். வாளியைத் திருப்பி என் கையிலேயே தந்துவிட்டார்.

"மணமொண்டும் இல்லைதான் தம்பி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

இலையோ இலை

அடுத்த வளவு யோகம் அக்காவுடையது. கிணறு உவர்த்துப்போய் வாழை கருகிக்கொண்டிருந்தது. அந்த வாழைதான் அவருக்குச் சோறு. வேறு வழியில்லாமல் சம்மதித்தார். குலையில் படாமல் அடியில் மட்டும் பாய்ச்சுங்கள், இந்தத் தண்ணீரிலேயே பசளை உரம் இருக்கிறது, யூரியா போடவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அக்கா நன்றாகத் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல யூரியாவையும் அள்ளிப் போட்டார். வாழை பந்தல் போட்டதுபோல் இலை விட்டது. குலை வருகிற பாட்டைக் காணவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அசரவில்லை.

"ஹோட்டலுக்கு வாறவன் இவ்வளவு நல்லாத் திண்டிருப்பான் எண்டு நான் கண்டனா தம்பி?"

மடைக்குப் போன குலை

யூரியாவை நிறுத்தியபின், மறு வருடம் குலை வந்தது. அந்த ஊரில் முதற்குலை அம்மன் சடங்கில் மடைப் படையலுக்குப் போகவேண்டும். படையலுக்கு ஆகாது என்று கோயில் தள்ளிவிட்டால், மிச்சக் குலைகளையும் ஊரில் எவரும் வாங்கமாட்டார்கள். அக்கா கொண்டுவந்து வைத்ததும், கூட்டத்தில் யாரோ "அது கக்கூசுத் தண்ணிக் குலை" என்றார்கள். அக்காவின் முகம் செத்துவிட்டது.

கட்டாடியார் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் குலையில் பட்டதா என்று கேட்டார். அடியில் மட்டும்தான் என்றேன். அந்தக் கோடையில் வந்த குலைகளில் சீப்பு நிறைந்திருந்தது அது ஒன்றுதான். குனிந்து அதையும் மணந்து பார்த்தார். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தூக்கி மடையில் வைத்தார். அக்கா அழுதே விட்டார்.

நான் பவுசரில் ஏறப் போகையில் கட்டாடியார் பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "சடங்கு முடிய என்ட வளவுக்கும் ஒரு பவுசர் கொண்டு வா தம்பி. முன்வாசலால வராத, பின்பக்கத்தால வா."

இப்போது அந்த ஊரில் பாதி வளவுகளுக்கு என் பவுசர் போகிறது. முன்வாசலைத் திறந்துவிடுவது யோகம் அக்கா மட்டும்தான்.