தென்காசியிலிருந்து வந்த மாவுப்பானை

வக்கீலய்யா, நீங்கள் மேடையில் பொய் சொன்னீர்கள்.

தெரியாமல் சொல்லிவிட்டார் என்று சிலர் உங்களுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதும் பொய்தான். குற்றாலத்தில் எங்கள் இட்லிக் கடைக்குப் புதுக் கட்டடம் திறந்ததற்காகத் தென்காசி வாசகசாலையில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் ஒலிபெருக்கியில் என்ன சொன்னீர்கள்? "இந்த அம்மாளுக்குக் கைமணம் பிறவியிலேயே வந்தது. இவர் ஓரகத்தி மூன்றாம் நாளே அழுதுகொண்டு ஓடிவிட்டார். இவர் நின்றார், ஜெயித்தார்" என்றீர்கள். கூட்டம் கைதட்டியது.

அந்த ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி, பெண்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். கைதட்டல் முடிவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதமாகிறது, கடைப்பக்கம் வரவில்லை. போய்க் கேட்டால், "விடுட்டி, அவரு கண்ணால கண்டதச் சொன்னாரு" என்கிறாள்.

நான் விடுவதாக இல்லை.

முதலில் என் பிறவிக் கைமணத்தைச் சொல்கிறேன். சிவகிரியிலிருந்து கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த முதல் வாரம் நான் வைத்த குழம்பைக் கழுநீரோடு சேர்த்து மாட்டுக்கு ஊற்றினார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "ஏட்டி, மாட்டுக்கும் நாக்கு இருக்குல்லா" என்று அக்காதான் சிரித்தாள். சிரித்துவிட்டு அவள் வைத்த குழம்பை எடுத்து என் பெயரில் பரிமாறினாள்.

கை என்றால் அது அக்காவுடைய கை. எதையும் அளக்கமாட்டாள். அடுத்த வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே அரிசியை அள்ளிப்போடுவாள். தண்ணீர் ஊற்றும்போது பார்க்கக்கூடமாட்டாள். காலையில் இட்லியை விரலால் அழுத்தினால் குழிந்து மேலே வரும். எப்படி என்று கேட்டால், "எனக்கென்னட்டி தெரியும்? கை போடுது, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

இனி நான் சொல்லப்போவது நடந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. என் கணவர் வேலை பார்த்த அரிசிக்கடையை மூடிவிட்டார்கள். அக்காவின் கையை நம்பித்தான் குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு கீற்றுக்கொட்டகை பிடித்தோம். அது ஓடவில்லையென்றால் நானும் என் கணவரும் சிவகிரியில் என் பிறந்த வீட்டில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அக்கா அவள் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தாள்.

தென்காசியில் ஆட்டுகிற மாதிரியே விளக்கு வைக்கிற நேரத்தில் மாவை ஆட்டி, சுவர் ஓரமாகப் பானையை வைத்தாள். இரவெல்லாம் சாரல். விடிந்து பார்த்தால் மாவு ஊற்றி வைத்த மட்டத்திலேயே கிடக்கிறது. நாலு மைல்தான் தூரம். ஆனால் அந்தக் குளிரில் மாவு பொங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதைத்தான் அவித்தோம். அருவியில் குளித்துவிட்டு வந்த ஒருவர் இட்லியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏ ஆச்சி, இத முன்னாலயே குடுத்திருந்தா அருவியில முதுகு தேச்சிருப்பேம்லா?"

மூன்று நாளும் இதே கதை. மூன்றாம் நாள் அக்கா அழுதாள். "ஒரே மாதிரிதானட்டி ஆட்டுதேன், இங்கன என்ன வந்துட்டு என் கைக்கு?" என்று அழுதுகொண்டே குதிரைவண்டியில் ஏறினாள். நீங்கள் ஈரத்துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான் நீங்கள் கண்ணால் கண்டது.

காணாததைக் கேளுங்கள். மறுநாள் காலை தென்காசியிலிருந்து வந்த முதல் வண்டியில், வைக்கோலுக்கு நடுவில், வாய்க்குத் துணி கட்டிய ஒரு பானை வந்தது. வண்டிக்காரர் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார்.

"சின்னக்கா! ஒங்க மாவு பொங்கி என் மடியில ஏறி ஒக்காந்துட்டு. குதிரைக்கும் ரெண்டு இட்லி ஊத்திரலாம் போல!"

கூடவே அக்காவின் செய்தியும் வந்தது. "ஒரு மாசம் நான் அனுப்புதேன். அதுக்குள்ள நீ அங்கன ஆட்டப் படிச்சுக்க. அதுக்கு மேல என் தோள் தாங்காது."

அன்றைக்கு நீங்கள் எட்டு இட்லி சாப்பிட்டீர்கள், வக்கீலய்யா. "இன்னைக்குத்தாம்மா உனக்குக் கை பிடிபட்டிருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் திருத்தவில்லை. வியாபாரம் கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். உங்கள் பொய்க்கு முதல் விதை நான் போட்டது. அதை ஒளிக்கமாட்டேன்.

அந்த ஒரு மாதம் நான் பட்டது எனக்குத் தெரியும். தினமும் ஒரு சின்னப் பானை அளவுக்கு மாவு தனியாக ஆட்டுவேன். அவித்ததில் இரண்டு இட்லியை வாழையிலையில் கட்டி, திரும்பிப் போகிற வெறும்பானைக்குள் வைத்து அக்காவுக்கு அனுப்புவேன். தீர்ப்பு மறுநாள் காலையில் வண்டிக்காரர் வாயில் வரும்.

"உளுந்து சூடேறிட்டாம். தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு ஆட்டணுமாம்."

"அரிசி ரவையா நிக்கணுமாம். நீங்க சந்தனமா அரச்சிருக்கியளாம்."

"இன்னைக்கி சொன்னத நான் சொல்லமாட்டேன் சின்னக்கா. நானும் பிள்ளகுட்டிக்காரன்."

ஒருநாள் பானையை அடுப்புக்கு ஒட்டி வைத்தேன். ஒரு பக்கம் மாவு பானையோடு வெந்து களியாகிவிட்டது. இன்னொரு நாள் சாம்பல் சூட்டில் அதிக நேரம் விட்டேன். "இது இட்லியா, கள்ளா?" என்று என் கணவரே கேட்டார். கெட்டுப்போன இட்லியையெல்லாம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள்தான் தின்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "நேத்தைக்கு இன்னைக்கு தேவல தாயி, பல்லு ஆடல" என்பார் அவர்களில் ஒருவர். அந்த மனிதர்களுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். சால்வை அவர்களுக்கும் போர்த்தியிருக்க வேண்டும்.

கடைசியில் பிடிபட்டது. உச்சிவேளையிலேயே ஆட்டிவிட வேண்டும். முந்தின நாள் மாவில் ஒரு கை எடுத்துக் கலக்க வேண்டும். வைக்கோல் பரப்பிய கூடையில் பானையை இறக்கி, சாக்கைப் போர்த்தி, அடுப்பிலிருந்து நாலு முழம் தள்ளி வைக்க வேண்டும். சொன்னால் இவ்வளவுதான். தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று.

இருபத்தேழாம் நாள் வண்டிக்காரர் சிரிக்காமல் இறங்கினார்.

"அக்கா என்ன சொன்னா?"

"ரெண்டையும் தின்னுட்டு இலைய வழிச்சாவ. நாளையிலேர்ந்து பானை வராதுன்னு சொல்லச் சொன்னாவ."

அன்று மத்தியானம் கடைக்கு வேண்டிய மாவு முழுவதையும் நானே ஆட்டினேன். மறுநாள் காலை நீங்கள் வந்து, எப்போதும்போல எட்டு சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். மாவு மாறியது உங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே எனக்குப் பிறவியில் வந்தது ஒன்றுமில்லை. விடாமல் ஆட்டினேன், அது மட்டும் என்னுடையது. அதற்காக என்னைப் பாராட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எது தப்பு என்று சொல்ல அக்காவின் நாக்கு இல்லாமல் போயிருந்தால், பத்து வருஷம் விடாமல் கல்லைத்தான் அவித்திருப்பேன். அவளுக்கு வரம் இருந்தது. அந்த வரம் குளிரில் உதவவில்லை என்றதும் அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று, ஒரு மாதம் எங்களுக்குச் சோறு போட்டாள். நாங்கள் சிவகிரிக்குத் திரும்பாமல் இருப்பது அவளால். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அவளிடம் சொன்னால் திட்டுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வக்கீலய்யா, என் வீட்டுக்கு ஆள் அனுப்பி வருத்தம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம். நானூறு பேர் காதில் விழுந்ததை என் ஒருத்தி காதில் வந்து துடைக்க முடியாது. வாசகசாலை ஆண்டு விழாவுக்கு இந்த வருஷமும் நீங்கள்தான் தலைவர். நானும் அக்காவும் முதல் வரிசையில் இருப்போம். அவளை நான் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிவருவேன். அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில், என் ஓரகத்தி ஓடினாளா இல்லையா என்று பதில் சொல்லுங்கள்.